உபதேசியார் வீட்டில் உறவு முறிந்த விவரம்

பெட்டி பொருத்தப்பட்ட அன்று உபதேசியார் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்குரியவரும் கறம்பக்குடி தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவருமான சவரியப்பன், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அவர் மருமகள் பிளெஸ்ஸி, நாலு வயல் தள்ளி அரிசி ஆலை நடத்தும் நாகராசு, அழைக்காமலே வந்திருந்த கண்ணுசாமி, பெட்டியைத் தோளில் சுமந்து வந்த பிராங்க்ளின். வேறு யாரும் இல்லை. தாங்களும் அன்றைக்கு அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் பதினேழு பேர். அவர்கள் இல்லை.

பெட்டி என்றால் ரவுட்டர். ஊருக்கு வரும் இணையத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது. அதை வைப்பதற்குப் பூட்டு உள்ள, கூரை ஒழுகாத அறை ஒன்று ஆவாரம்விடுதியில் வேண்டும் என்று ஊராட்சியில் கேட்டார்கள். அப்படி ஓர் அறை தம் வீட்டில் இருப்பதாகச் சவரியப்பன் எழுதிக் கொடுத்தார். கூரை ஒழுகுவதை அவர் எழுதவில்லை. அது குடும்ப விஷயம்.

பிராங்க்ளின் படிவத்தை நிரப்பும்போது சவரியப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பேருங்கிற எடத்துல என்னமோ நம்பர் போடுறீங்களே தம்பி."

"பெட்டிக்கு அதாங்கய்யா பேரு. கே நாலு பதினேழு."

"எங்க வீட்டுக்குள்ள நம்பரோட ஒண்ணு இருக்கறதுக்கு இது என்ன ஜெயிலா? எங்க தாத்தா மாதா கோவில் உபதேசியாரா இருந்தவரு. உபதேசியார் வீடுன்னு எழுதுங்க."

பிராங்க்ளின் பேனாவை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னான். "ஐயா, இது சும்மா இருக்காது. விழுந்தா, எழுந்தா, சூடானா, எதுன்னாலும் ஒரு வரி எழுதி புதுக்கோட்டைக்கு அனுப்பும். அங்க ஒரு நிலையம் இருக்கு, மாவட்டத்துல இருக்கற எல்லாப் பெட்டியும் அங்கதான் சொல்லும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால இந்தப் பேரு வரும். யோசிச்சுக்கங்க."

"வரட்டும். அதுக்குத்தான பேரு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நாகராசுவுக்கும் ரோஷம் வந்தது. அவர் ஆலைக் கூரையிலும் ஒரு பெட்டி வைக்கப்போகிறார்கள். அதோடு பேசித்தான் இந்தப் பெட்டி வேலை செய்யும். "அப்ப எம்மில்லுல வைக்கறதுக்கு நாகராசுன்னு போடு தம்பி. எங்கப்பன் எனக்கு நம்பர் வைக்கல."

"அனுப்புறது போய்ச் சேந்துச்சான்னு ஒப்புகை வருமா?" என்று சவரியப்பன் கேட்டார். தாம் பதிவுத் தபாலில் அனுப்பிய மனுக்களுக்கு வந்த ஒப்புகை அட்டைகள் இருநூற்றுப் பன்னிரண்டை அவர் தேதிவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்.

"வராதுங்கய்யா. இது அனுப்பிட்டு மறந்துரும். சேந்துச்சா சேரலையான்னு கேக்காது."

அந்தப் பெட்டியின் மீது சவரியப்பனுக்கு இருந்த மரியாதை அந்த இடத்திலேயே பாதி குறைந்துவிட்டது.

புதுக்கோட்டையில் இருந்த மாவட்ட வலையமைப்பு மேலாண்மை நிலையத்துக்கு அந்த ஆண்டு இரண்டு ஆணைகள் வந்திருந்தன. வந்து சேரும் செய்திகளை எல்லாம் தமிழில் ஆக்க வேண்டும் என்பது ஒன்று. வெளிப்படைத்தன்மைக்காக அவற்றை அந்தந்த ஊர் அறிவிப்புப் பலகையில் வெள்ளிதோறும் ஒட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சவரியப்பனே இரண்டையும் வரவேற்றுக் கடிதம் எழுதியவர்தான்.

முதல் வெள்ளிக்கிழமை ஆவாரம்விடுதிப் பலகையில் ஒட்டப்பட்டது இது:

உபதேசியார் வீடு: அண்டை வீட்டார் நாகராசுடன் உறவு முறிந்தது. திங்கள், காலை 9.02.
உபதேசியார் வீடு: அண்டை வீட்டார் நாகராசுடன் உறவு முறிந்தது. திங்கள், காலை 11.40.
உபதேசியார் வீடு: அண்டை வீட்டார் நாகராசுடன் உறவு முறிந்தது. செவ்வாய், காலை 9.01.

இப்படி இருபத்து மூன்று வரிகள். நடந்தது இவ்வளவுதான்: ஆலை மோட்டாரைப் போடும்போதெல்லாம் மின்சாரம் தாழ்ந்து, கூரைமேல் இருந்த பெட்டி ஒரு நிமிஷம் மயங்கி எழுந்தது. அந்த ஒரு நிமிஷத்தை உபதேசியார் வீட்டுப் பெட்டி கடமை தவறாமல் புதுக்கோட்டைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலமே நாகராசு வந்தார். வாசலில் நின்றபடி, "என்ன சவரி, செவ்வாக்கெழம மட்டும் நாலு தடவ முறிச்சிருக்க. அன்னிக்கு ஒன் நெல்லத்தான்யா அரைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"பெட்டி முறிச்சிருக்கு. நான் முறிக்கல."

"ஒம்பேருதான போட்டுருக்கு."

"பேரு வீட்டுப் பேரு."

"அப்ப வீடே முறிச்சுருச்சா. அது இன்னும் மோசமாச்சே." நாகராசு சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வழக்கம்போல உள்ளே வந்து காப்பி குடிக்காமல் போய்விட்டார். மாடு கட்ட வேண்டும் என்றார். அவரிடம் மாடு இல்லாமல் ஆறு வருஷமாகிறது.

இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம் ஒரு நாற்காலி. மாதத்தின் முதல் ஞாயிறன்று பூசை முடிந்து, ஊராட்சி மண்டபத்தில் சமாதான சபை கூடும். எல்லை, வேலி, வாய்க்கால், வாய்ச்சண்டை எதுவானாலும் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சேர்த்து அனுப்புவார்கள். கோவிலுக்குப் போகிறவர்களும் மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள். நடு நாற்காலி மூன்று தலைமுறையாக உபதேசியார் வீட்டுக்கு உரியது. சவரியப்பனின் தாத்தா சபை நோட்டில் எழுதி வைத்த விதி ஒன்றே ஒன்று: அண்டை வீட்டானோடு மனவருத்தம் உள்ளவன் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

எட்டு வருஷத்துக்கு முன் கண்ணுசாமி அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டார். பக்கத்து வீட்டு முருங்கை மரம் பற்றி அவருக்கு ஒரு மனவருத்தம் இருப்பதைச் சவரியப்பன் சபையில் நோட்டைப் பிரித்து வாசித்துக் காட்டினார். மரம் அடுத்த புயலில் விழுந்து அந்த மனவருத்தமும் தீர்ந்தது; ஆனால் அன்றிலிருந்து கண்ணுசாமி அறிவிப்புப் பலகையை ஒழுங்காகப் படிக்கிறவராக ஆனார்.

"உபதேசியாரே," என்றார் மறுநாள் டீக்கடையில், எல்லோருக்கும் கேட்கும்படி. "வர்ற மாசம் சபையில ஒங்க தாத்தா எழுதுனத நான் வாசிக்கலாம்னு இருக்கேன். எழுத்து அழகா இருக்கும்பாங்க."

சவரியப்பன் கஞ்சி போட்ட சட்டையும் எட்டு முழ வேட்டியும் உடுத்தி, கோப்புக் கட்டை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

நிலையம் பெரிய கூடம். ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் வரிகள் மேல்நோக்கி ஓடிக்கொண்டே இருந்தன. திரைக்கு முன்னால் ஆறு நாற்காலிகள்; ஆறிலும் ஆட்கள்; ஆறு பேரும் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கண் கூசுகிறது என்று ஆறு பேருக்கும் மருத்துவச் சான்று இருந்தது.

நிலைய மேலாளர் ரகுநாத் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று வரவேற்றார். மொழிபெயர்ப்புப் பிரிவின் பிரகதீஸ்வரியையும் வரவழைத்தார்.

"முறிவுன்னு எப்படிங்கம்மா எழுதலாம்?" என்று சவரியப்பன் கேட்டார்.

"சார், ரவுட்டர் நெய்பர் டௌன்னு அனுப்புது. நெய்பர்னா அண்டை வீட்டார். அதுல சந்தேகம் இல்லை. டௌனுக்கு உயர்மட்டக் குழு பதினோரு அமர்வு உக்காந்துச்சு. முதல்ல 'உறவு கீழே விழுந்தது'ன்னு இருந்துச்சு. கொச்சையா இருக்குன்னு நான்தான் மாத்துனேன்." பிரகதீஸ்வரி அடக்கமாகப் புன்னகைத்தார். "எல்லா எடத்துலயும் நல்ல வரவேற்பு. கீரமங்கலம் பக்கம் ஒரு பால் சங்கத்துப் பெட்டி 'பியர் டெட்'னு அனுப்புனுச்சு; 'இணை உயிரிழந்தது'ன்னு ஆக்குனோம். அன்னிக்கே செயலாளர் வீட்டுக்கு எழுபது பேர் மாலையோட போயிட்டாங்க. அவரோட சம்சாரம்தான் எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தாங்களாம். மொழிபெயர்ப்பு மக்களைப் போய்ச் சேருதுங்கறதுக்கு வேற என்ன சார் அத்தாட்சி?"

சவரியப்பன் ரகுநாத் பக்கம் திரும்பினார். "ஒரு நிமிஷத்துல உறவு திரும்பச் சேந்துருதுங்க. அதையும் பெட்டி அனுப்புதாம். அது ஏன் பலகையில வரல?"

"நல்ல கேள்விங்கய்யா. செய்திக்கு எட்டு நிலை உண்டு. பூஜ்யம்னா எல்லாம் அழிஞ்சுச்சுன்னு அர்த்தம். ஏழுன்னா பொழுது போகாம பேசுறது. நாங்க மூணு வரைக்கும்தான் வாங்குவோம். உறவு முறிஞ்சா மூணு. திரும்பச் சேந்தா அஞ்சு."

"அஞ்சு வந்தா?"

"வாசல்லயே தள்ளிருவோம்."

"அப்ப ஒங்களுக்கு எங்க வீட்டப்பத்தி கெட்டது மட்டும்தான் தெரியும்."

"ஒங்க வீடுன்னு இல்லைங்கய்யா, மாவட்டத்தப் பத்தியே எங்களுக்கு அப்படித்தான்" என்றார் ரகுநாத் பெருமையோடு. "ஒரு நாளைக்கு நாப்பதாயிரம் செய்தி வருது. ஒண்ணுகூட விடாம வாங்கி வைக்கிறோம். ஒண்ணையும் படிக்கிறதில்ல. படிச்சா நடவடிக்கை எடுக்கணும். நடவடிக்கை எடுத்தா பெட்டியைத் தொடணும். தொட்டா அதுக்கு ஒரு செய்தி அனுப்பும். இப்படிப் போனா வேலைக்கு முடிவே கிடையாது."

"படிக்காமத்தான் பலகையில ஒட்டுறீங்களா?"

"ஒட்டுறது படிக்கிறது ஆகாதுங்கய்யா."

தாலுகா அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்த சவரியப்பனுக்கு இந்தப் பதில் எங்கேயோ கேட்டது போல இருந்தது. சற்று யோசித்ததில், அது தம்முடைய குரலிலேயே கேட்டது நினைவுக்கு வந்தது. அவர் அதை மேற்கொண்டு யோசிக்கவில்லை.

"வந்ததை அழிச்சுருங்க."

"அழிக்க முடியாதுங்கய்யா. மேல மேல சேக்கத்தான் முடியும்."

"அப்ப நல்லதையும் சேருங்க. எங்க வீட்டச் சேந்த எல்லா நிலையும் வரணும். ஏழு வரைக்கும். ஒளிக்கிறதுக்கு எங்க குடும்பத்துல ஒண்ணும் இல்ல."

ரகுநாத் அரசாங்கத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். கேட்டதை அப்போதே கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு உபதேசியார் வீட்டிலிருந்து எட்டு நிலைகளும் ஏற்கப்படும். முதல் நாளிலிருந்து பெட்டிக்குள் கிடக்கும் பழைய செய்திகளும் அனுப்பி வைக்கப்படும் என்று உத்தரவானது. சவரியப்பன் நிமிர்ந்து நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேர் பசை வாளியோடு வேனில் வந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பலகை நிரம்பி, ஊராட்சிச் சுவர் நிரம்பி, மாதா கோவில் சுற்றுச்சுவரில் பாதி நிரம்பியது. உறவு முறிந்ததும், ஒரு நிமிஷத்தில் மலர்ந்ததும் இப்போது ஜோடி ஜோடியாக இருந்தன. சவரியப்பன் எதிர்பார்த்தது அதுதான். எதிர்பாராதது அவற்றுக்கு நடுவே இருந்த மற்ற வரிகள்.

உபதேசியார் வீடு: உயிரோடு இருக்கிறேன்.
உபதேசியார் வீடு: உயிரோடு இருக்கிறேன்.
உபதேசியார் வீடு: கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.
உபதேசியார் வீடு: உயிரோடு இருக்கிறேன்.

நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டி தான் இருப்பதைச் சொல்லிக்கொள்வது வழக்கமாம். ஊர்ப் பெண்கள் சுவரைப் படித்துவிட்டுப் பிளெஸ்ஸியிடம், மாமாவை இப்படியா தனியாக விடுவது என்று கேட்டார்கள். யாரோ படம் எடுத்து வாட்ஸப்பில் போட, கத்தாரில் இருந்து மகன் பீட்டர் போன் செய்தான். "அப்பா, நல்லாத்தான இருக்கீங்க? ஏதாவது மனசுல வச்சிருந்தா என்கிட்ட சொல்லுங்கப்பா. செவத்துல எழுதாதீங்க."

சவரியப்பன் குடை பிடித்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

1993 மார்ச் 1, திங்கள். உபதேசியார் வீடு: எழுந்தேன். அண்டை வீட்டார் நாகராசுடன் உறவு இல்லை.

குடை கையிலிருந்து சரிந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் நாகராசுவின் அரிசி ஆலை திறப்பு விழா. அழைப்பிதழில் சவரியப்பன் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. முதல் வரியில் மின்வாரிய லைன்மேன். காய்ச்சல் என்று சொல்லிவிட்டுச் சவரியப்பன் விழாவுக்குப் போகவில்லை. நாகராசு விழா முடிந்த கையோடு தூக்குவாளியில் கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டு வந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மாசி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சவரியப்பன் மூன்று நாளும் முனகிக்கொண்டே குடித்தார். காய்ச்சல் பொய் என்பது மனைவிக்குக்கூடத் தெரியாது; அவளும் காலமாகிவிட்டாள். ஆண்டவருக்கு மட்டும் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். புதுக்கோட்டைக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மனு எழுதினார். யாரிடமும் கலந்து பேசவில்லை. நல்ல மனு. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்துப் பிழை காட்ட முடியாது.

"பொருள்: 1.3.1993 தேதியிட்ட உறவின்மைப் பதிவு – திருத்தம் கோருதல். மேற்படி நாளில் மனுதாரருக்கும் மேற்படி நாகராசுவுக்கும் உறவு முறிவு என்று கூறத்தக்கது எதுவும் ஏற்படவில்லை என்றும், மனுதாரர் தமக்குக் காய்ச்சல் என்று கூறியது உண்மையன்று என்றும், அழைப்பிதழில் மனுதாரரின் பெயர் லைன்மேன் பெயருக்குக் கீழே அச்சிடப்பட்டதால் நேர்ந்த மனவருத்தமே காரணம் என்றும், அம்மனவருத்தம் மூன்றாம் நாள் மாலை கஞ்சி குடித்து முடித்தவுடன் முற்றிலும் நீங்கிவிட்டது என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதனை அந்தரங்கமாகக் கருதவும்."

பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒப்புகை அட்டை மூன்றாம் நாளே வந்தது. முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் பிளெஸ்ஸி பள்ளிக்கூடம் போகிற வழியில் பலகையைப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள்.

"மாமா, கொஞ்சம் உக்காருங்க."

"ஏம்மா?"

"உக்காந்தப்பறம் சொல்றேன்."

மனு முழுவதும், ஒரு சொல் விடாமல், தடித்த எழுத்தில் பலகையின் நடுவில் ஒட்டப்பட்டிருந்தது. சவரியப்பன் நிலையத்துக்குப் போன் போட்டார். ரகுநாத் அதே மரியாதையோடு பேசினார்.

"ஒங்க வீட்டுலேர்ந்து வர்ற எல்லாம் இந்த ரெண்டு வாரம் பலகைக்குன்னு உத்தரவுங்கய்யா. நீங்க கேட்டு வாங்குனதுதான். அந்தரங்கம்னு எழுதியிருந்தீங்க, எங்க பட்டியல்ல அந்தரங்கம்னு ஒரு நிலையே இல்ல. அதுக்குக் கிட்டத்துல வர்றது அவசரம். அவசரம் ஒண்ணாம் நிலை. ஒண்ணாம் நிலைன்னா தடிச்ச எழுத்து."

"அது இருக்கட்டும். தொண்ணூத்து மூணுல நடந்தது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தொண்ணூத்து மூணுல என்ன நடந்துச்சு?" என்றார் ரகுநாத்.

பிளெஸ்ஸி பிராங்க்ளினை வரவழைத்தாள். அவன் பலகையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "ஐயா, பொருத்துன அன்னிக்குக் கடிகாரம் வைக்க மறந்துட்டேன். கடிகாரம் வைக்காத பெட்டி தொண்ணூத்து மூணு மார்ச் ஒண்ணுலேர்ந்துதான் எண்ண ஆரம்பிக்கும். செஞ்சவங்க வச்ச பழக்கம். வந்து சேர்ற செய்திக்கு நிலையம் தன் நேரத்தப் போட்டுக்கும்; பெட்டிக்குள்ள கெடந்த பழசுல மட்டும் பெட்டியோட தேதி இருக்கும். எல்லா ஊர்லயும் அப்படித்தாங்கய்யா."

"எல்லா ஊர்லயுமா?"

"எல்லா ஊர்லயும் அதே தேதி. வேற யாரும் மனுப் போடலைங்கய்யா."

சவரியப்பன் வைக்கவேண்டிய கடிகாரத்தை வைத்துவிட்டுப் போகும்படி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இடம் போதவில்லை. சவரியப்பன் எப்போதும் போல நேரத்துக்கு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணுசாமி எழுந்து நோட்டை வாங்கி விதியை வாசித்தார். எழுத்து உண்மையிலேயே அழகாக இருந்தது. வாசித்துவிட்டு மனுவின் நகலையும் பையிலிருந்து எடுத்தார்.

"உபதேசியார் மூணாம் நாளே தீந்து போச்சுன்னு எழுதியிருக்காரு. அதுக்கு யாரு சாட்சி?"

"நான்தான்யா" என்றார் நாகராசு, பின்வரிசையிலிருந்து. எழுந்திருக்காமலே சொன்னார். "மொத நாளே நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சுடல. காய்ச்சக்காரன் துவையல் இன்னுங் கொஞ்சம் கேப்பானா? இவன் கேட்டான். கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான், சாப்டட்டும்னு கொண்டாந்தேன். இப்ப இது ஒரு கேசா?"

மண்டபமே சிரித்தது. கண்ணுசாமியும் சிரித்துவிட்டார்.

"அண்டை வீட்டுக்காரரே தீந்துச்சுங்கறாரு. அப்பறம் என்ன. அய்யா, நீங்க கேச எடுங்க" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். வாய்க்கால் விஷயமாக வந்திருந்த இரு தரப்பும் முன்னால் வந்து நின்றுவிட்டன.

சவரியப்பன் நாகராசுவைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதன் இதைத் தெரிந்துகொண்டே தம் வீட்டில் காப்பி குடித்திருக்கிறான். மனுவில் தாம் எழுதியதை அவர் ஒருமுறை மனதுக்குள் படித்துப் பார்த்தார். எல்லாம் சரி, ஒரு வரியைத் தவிர. மனவருத்தம் மூன்றாம் நாள் மாலை நீங்கவில்லை. அந்த அழைப்பிதழ் இன்னும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறையாவது எடுத்து, இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டு வைப்பார். போன வருஷமும் பார்த்தார். அப்படிப் பார்த்த எல்லா வருஷமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரைச் சமாதானம் செய்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கு வாய்க்கால் விவகாரத்தைக் கண்ணுசாமிதான் நடு நாற்காலியில் இருந்து கேட்டார். சபையார் சவரியப்பனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டதாகக் கறம்பக்குடி முதல் கீரமங்கலம் வரை பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. சபையார் உட்காரத்தான் சொன்னார்கள். அவராக எழுந்தார்.